இறங்காத கூரை

அளவுகோல் போன மாதம் காட்டிய எண்ணையே காட்டியது. அதற்கு முந்தைய மாதமும் அதே எண்தான். அவள் முட்டி போட்டு, தலைவிளக்கைச் சாய்த்து, தரையில் பதித்திருந்த பித்தளைக் குமிழின் மேல் கோலின் அடிமுனை சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்த்தாள். மேல்முனை கூரையில் இருந்த குமிழைத் தொட்டுக்கொண்டிருந்தது. நடுவில் இருந்த சின்னக் கண்ணாடிக்குள் கோடு நகரவில்லை. ஒரு மயிரிழைகூட.

வெளியாளுக்கு இது நல்ல செய்தி. ஆனால் சுரங்கத்தின் கூரை என்றால் இறங்கும். நிலக்கரியை வெட்டியெடுத்த வெற்றிடத்துக்கு மேலே தொண்ணூறு மீட்டர் பாறை இருக்கிறது. அதைத் தாங்க நடுநடுவே கரியையே வெட்டாமல் தூணாக விட்டு வைத்திருக்கிறார்கள். தூண் எவ்வளவு தடியாக இருந்தாலும் பாறை தன் வேலையைப் பார்த்துக்கொண்டே இருக்கும். வருடத்துக்கு மூன்று மில்லிமீட்டர், நான்கு மில்லிமீட்டர். பன்னிரண்டு வருடமாக அவள் இந்தப் பழைய பிரிவை மாதம் ஒருமுறை அளந்து வருகிறாள். இறங்காத மாதம் என்று ஒன்று இருந்ததில்லை. இப்போது பத்து மாதமாக, இருபத்திரண்டு இடங்களிலும், கூரை நின்ற இடத்திலேயே நிற்கிறது.

அளவு நாடாவின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு தண்ணி மாமா தூணுக்கு அந்தப் பக்கம் நின்றிருந்தார். பழைய பிரிவில் ஊறும் தண்ணீரை இறைக்கும் பம்புக்கு அவர்தான் காவல். வாழ்நாளில் ஒரு சொட்டு மது தொடாத மனிதருக்கு அந்தப் பெயர் நிலைத்துவிட்டது. அவளுக்கு ‘டேப்பக்கா’ என்ற பெயர் நிலைத்ததும் அவர் வாயால்தான். தனியாக யாரும் உள்ளே போகக்கூடாது என்பது விதி. அதனால் மாதம் ஒருநாள் பம்பை ஓடவிட்டு அவளோடு நடப்பார்.

அன்று அவர் நாடாவைப் பிடித்த கையை அடிக்கடி மாற்றிக்கொண்டிருந்தார். தோள்பட்டை ரெண்டும் விட்டுப் போகிறது, ராத்திரியெல்லாம் மூட்டை தூக்கினவன் மாதிரி எழுந்திருக்கிறேன் என்றார். பிறகு, கூரையைப் பார்க்காமல், தணிந்த குரலில் சொன்னார்.

“சத்தமே இல்ல, கவனிச்சியாம்மா?”

அப்போதுதான் அவள் கவனித்தாள். ஈரக் கரியின் வாசனையும், உளுத்த மர முட்டுகளின் புளிப்பும், தூரத்தில் பம்பின் முனகலும் எப்போதும் போல இருந்தன. ஆனால் தூண்களின் பக்கவாட்டிலிருந்து கரி உதிரும் சரசரப்பு, எங்கோ உள்ளே பாறை நெட்டி முறிக்கும் ஒலி, விரல் நகத்தளவு கல் ஒன்று விழுந்து உருண்டு நிற்கும் சத்தம், சுரங்கத்தில் வேலை செய்கிறவர்கள் ‘மலை பேசுது’ என்று சொல்லும் அந்த ஓயாத முணுமுணுப்பு எதுவுமே இல்லை. யாரோ வாயைப் பொத்திக்கொண்டு நிற்பது போல இருந்தது. பயப்பட வேண்டிய நேரம் இது என்று அவளுக்குத் தெரிந்தது. பயம் மட்டும் வரவில்லை.

பயமோ வலியோ எதுவும் வந்து இரண்டு வருடம் ஆகிறது. அவளுடைய அண்ணன் புதிய பிரிவில் கூரை விழுந்து செத்தபோது, விபத்து நடந்த இடத்தின் வரைபடம் போட வேண்டியது அளவைப் பிரிவின் வேலை. அளவைப் பிரிவு என்றால் அவள்தான். தூண் எங்கே, முட்டு எங்கே, கல் எந்தப் பக்கம் சாய்ந்து விழுந்தது, உடல் எப்படிக் கிடந்தது எல்லாவற்றையும் ஒன்றுக்கு நூறு என்ற அளவில் வரைந்தாள். அண்ணனின் இடது கை கல்லுக்கு வெளியே நாற்பது சென்டிமீட்டர் நீண்டிருந்தது. தாளில் நான்கு மில்லிமீட்டர். கோடு எங்கும் நடுங்கவில்லை. கல் மனசுக்காரி என்று சிலர் மெச்சினார்கள், சிலர் வைதார்கள். அன்றிலிருந்து டீ நாக்கைச் சுட்டால்கூட மறுநாள் தோல் உரியும்போதுதான் தெரிகிறது.

அலுவலகத்துக்கு வந்து கணக்குப் போட்டாள். முப்பத்தொரு வருடத்துக்கு முன் வெட்டும்போது ஒவ்வொரு தூணும் பக்கத்துக்கு எட்டு மீட்டர். அப்போது தூணின் பலம் சுமையைப்போல இரண்டு மடங்கு. பிறகு காற்றும் ஈரமும் பட்டு, பக்கவாட்டில் பொரிந்து பொரிந்து உதிர்ந்து, இன்று அளந்ததில் பல தூண்கள் ஐந்து மீட்டரைச் சற்றே தாண்டி நிற்கின்றன. பலத்தைச் சுமையால் வகுத்தாள். ஒன்றுக்கும் கீழே. பென்சிலை மாற்றிக்கொண்டு மறுபடி வகுத்தாள். புள்ளி ஏழு.

ஒரு தூண் நொறுங்கினால் அதன் சுமை மறைந்துபோவதில்லை, பக்கத்துத் தூண்களின் தலையில் போய் உட்காரும். அவை நொறுங்கினால் அடுத்தவற்றின் தலையில். ஆரம்பித்தால் ஒரு நிமிடத்தில் முடிந்துவிடும். அவள் கணக்குப்படி, பழைய பிரிவு விழுந்து மூன்று வருடம் ஆகியிருக்க வேண்டும். பழைய பிரிவுக்கு நேர் மேலே தரையில் இருப்பது தொழிலாளர் குடியிருப்பு. அறுபத்தெட்டு லைன் வீடுகள். அதில் முப்பத்தொன்பதாவது அவளுடையது.

மேனேஜரிடம் தாளைக் கொண்டுபோனாள். அவர் கெட்டவர் இல்லை, களைத்தவர். கூரை இறங்கவே இல்லை என்பதை மட்டும் இரண்டு தரம் கேட்டு உறுதி செய்துகொண்டார். அப்புறமென்ன, கணக்கு தப்பு, மலை சரி என்றார். இன்னும் ஐம்பது வருடம் நிலைக்கும் என்று ஒரு சான்று எழுதி மேலிடத்துக்கு அனுப்ப வேண்டியிருக்கிறது, அதில் அவள் கையெழுத்து வேண்டும் என்றார். அவள் தாளையே பார்த்தபடி நின்றாள்.

“தூண் தாங்கலைன்னா, வேற எது சார் தாங்குது?”

அவர் வலது தோளை இடது கையால் அழுத்தி விட்டுக்கொண்டிருந்தார். அவரும் குடியிருப்பில்தான் இருந்தார், முதல் வரிசையில், கொஞ்சம் பெரிய வீட்டில்.

வீட்டில் மாமனார் சாய்வு நாற்காலியில் சட்டையைக் கழற்றிவிட்டு உட்கார்ந்திருக்க, அவள் கணவன் அவர் தோளில் வலித் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தான். அவன் சுரங்கத்தின் வாயிலில் விளக்கறையில் வேலை செய்பவன். உள்ளே இறங்கியே வருடக்கணக்காகிறது. தேய்த்து முடித்ததும் நாற்காலிக்கு முன்னால் தரையில் அவன் உட்கார, மாமனார் அவனுக்குத் தேய்த்துவிட்டார். அப்பனும் மகனும் மாறி மாறித் தேய்ப்பதைப் பார்த்து ஏழு வயது மகள் சிரித்தாள். பிறகு தனக்கும் தேய்க்கச் சொன்னாள். எழுதும் கையா வலிக்கிறது என்று கேட்டதற்கு, ரெண்டு கையும் என்றாள். கடையில் தைலம் தீர்ந்துவிட்டதாம், குடியிருப்பு முழுக்க ஏதோ காய்ச்சல் சுற்றுகிறதாம் என்று கணவன் சொன்னான். அவன் அவளிடம் கேட்டான், உனக்கு வலி இல்லையா என்று. அவள் தோளை அசைத்துப் பார்த்தாள். ஒன்றும் இல்லை.

வெள்ளிக்கிழமை மீண்டும் இறங்கினாள். அளவை ஒருமுறை சரிபார்க்கிறேன் என்று காரணம் எழுதி வைத்தாள். தண்ணி மாமா முன்னால் போய்ப் பம்பைப் போட்டுவிட்டு வருகிறேன், நீ பதினான்காவது சந்தில் கோலை நிறுத்து என்றார். அவருடைய விளக்கொளி தூண்களுக்கு நடுவே வளைந்து வளைந்து சிறுத்து, ஒரு திருப்பத்தில் காணாமல் போனது. அவள் கோலை நிறுத்தினாள். அதே எண்.

காத்திருந்தாள். பம்பின் சத்தம் வரவில்லை. காலடியில் தண்ணீர் மட்டும், யாரும் இறைக்காத தண்ணீர், பூட்ஸின் விளிம்பை மெல்ல நக்கிக்கொண்டு ஏறியது. தண்டவாளத் துருவின் வாசனை. அவள் மூச்சு முன்னால் வெள்ளையாகப் போய்க் கலைந்தது. கூப்பிட்டாள். குரல் தூண்களில் பட்டுத் திரும்பி வர வேண்டும், திரும்பி வரவில்லை. ஒரு அறை நிறைய ஆட்கள் இருந்தால் குரல் எப்படி அவர்கள் உடம்பில் புதைந்து அடங்கிப் போகுமோ அப்படி அடங்கியது.

பத்தடி நடந்தாள். இன்னும் பத்தடி.

விளக்கொளியில் முதலில் தெரிந்தது கைகள். கரி படிந்த இரண்டு முன்கைகள் செங்குத்தாக உயர்ந்து நின்றன. உள்ளங்கைகள் கூரையில் பதிந்திருந்தன. விரல்கள் அகல விரிந்திருந்தன. தண்ணி மாமாவின் விளக்கு அணைந்திருந்தது. கண்கள் திறந்திருந்தன. முகத்தில் வலியும் இல்லை, தூக்கமும் இல்லை. கோயில் வரிசையிலோ ரேஷன் வரிசையிலோ நிற்கிறவனின் பொறுமை மட்டும் இருந்தது.

“மாமா?”

“வந்துட்டியா.” உதடு மட்டும் அசைந்தது. “அந்தப் பக்கம் போகாதம்மா. இடிச்சுக்குவ. ஆள் நெருக்கமா நிக்கறாங்க.”

அவள் அந்தப் பக்கம் விளக்கைத் திருப்பினாள். வெறும் தூண்கள். வெறும் இருட்டு.

“யாரு மாமா நிக்கறாங்க?”

“எல்லாரும்தான். சின்னதுங்களுக்குத்தான் பழக்கமில்ல. கை நடுங்குது பாவம்.”

அவள் அவருடைய வலது மணிக்கட்டைப் பிடித்தாள். தோல் சில்லிட்டு, நரம்பு முறுக்கேறிக் கம்பியாக இருந்தது. இழுத்தாள். வரவில்லை. இரண்டு கையாலும் தொங்கி இழுத்தபோது அந்த உள்ளங்கை கூரையிலிருந்து சப்பென்று பிரிந்தது. மேலே எங்கோ, பெரிய கட்டிலில் யாரோ புரண்டு படுத்தது போல ஒரு முனகல். கரித்தூள் அவள் கழுத்தில் கொட்டியது. பின்னால் பதினான்காவது சந்தில் கோல் ‘கிட்’ என்றது.

மாமாவின் கை தானாக மறுபடி எழுந்து, விட்ட இடத்தில் பதிந்தது. முனகல் நின்றது.

அவள் ஓடிப்போய்க் கண்ணாடியைப் பார்த்தாள். இரண்டு மில்லிமீட்டர் இறங்கியிருந்தது. ஆறு மாத இறக்கம், ஒரே மூச்சில். நோட்டை எடுத்து நேரத்தையும் எண்ணையும் எழுதினாள். எழுத்து அழகாக இருந்தது. எழுதி முடித்தபோது பம்பு ஓடத் தொடங்கும் சத்தம் கேட்டது. தண்ணி மாமா விளக்கை எரியவிட்டபடி, தோளைத் தேய்த்துக்கொண்டே வந்து, ரொம்ப நேரம் காக்க வெச்சுட்டனா என்று கேட்டார்.

மேனேஜரிடம் போனாள். குடியிருப்பு ஆட்களை வெளியேற்றுங்கள் என்றாள். இரண்டு மில்லிமீட்டருக்கா என்றார் அவர். தண்ணி மாமாவைப் பற்றி அவள் சொல்லவில்லை. சொல்ல ஆரம்பித்திருந்தாலும் எந்த வார்த்தையில் ஆரம்பிப்பது என்று தெரிந்திருக்காது. அவர் அவளை உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தார். அண்ணன் போனதிலிருந்து நீங்கள் ஒருநாள்கூட லீவு எடுக்கவில்லை என்றார். அன்பாகத்தான் சொன்னார்.

சனிக்கிழமை முழுவதும் அவள் மகளைக் கண்ணில் வைத்துக்கொண்டிருந்தாள். ஒன்றும் நடக்கவில்லை. கணவனிடம், கொஞ்ச நாள் பாப்பாவைக் கூட்டிக்கொண்டு என் தங்கச்சி வீட்டுக்குப் போகலாமா என்று கேட்டாள். தங்கை இருப்பது நாற்பது கிலோமீட்டர் தள்ளி, அடியில் சுரங்கமே இல்லாத ஊரில். பள்ளிக்கூடம் இருக்கிறதே என்றான் அவன். அவள் வற்புறுத்தவில்லை. வற்புறுத்துவதற்கு உள்ளே ஏதாவது கொதிக்க வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை மதியம். சாப்பாடு முடிந்து எல்லோரும் படுக்கப் போனார்கள். அவள் பின்கட்டில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். வெயில் சிமெண்ட் தரையில் வெள்ளையாக விழுந்து கிடந்தது, குழாயில் தண்ணீர் மெலிதாக ஓடியது, அடுத்த வீட்டு ரேடியோவில் யாரோ எதையோ விலாவாரியாக விளக்கிக்கொண்டிருந்தார்கள், தெருக்கோடியில் பிள்ளைகள் பந்து அடிக்கும் சத்தம் விட்டு விட்டு வந்தது. அவள் ஒரு தட்டைக் கழுவிக் கவிழ்த்தாள். இன்னொன்றை எடுத்தாள். பந்துச் சத்தம் நின்றிருந்தது. எப்போது நின்றது என்று தெரியவில்லை. குழாயை மூடினாள். ரேடியோ மட்டும் பேசியது.

ஈரக் கையோடு உள்ளே போனாள்.

மாமனார் சாய்வு நாற்காலியின் முன்னால் நின்றிருந்தார். எழுந்து நிற்கவே ஆள் துணை வேண்டியவர். இரண்டு கைகளும் தலைக்கு மேல். உள்ளங்கைகள் மேல்நோக்கி, தட்டையாக, விரல்கள் விரிந்து. வீட்டுக் கூரை அவர் கைக்கு எட்டாத உயரத்தில் இருந்தது. அவர் பிடித்திருந்தது காற்றை. ஆனால் விரல் நுனிகள் இரத்தம் செத்து வெளுத்திருந்தன, பெரிய பாரத்தை அழுத்திப் பிடிக்கும்போது வெளுப்பது போல.

கட்டிலுக்குப் பக்கத்தில் கணவன். அதே மாதிரி. அவன் முன்கை நரம்புகள் புடைத்திருந்தன.

“ஏங்க.”

“பேசாத.” கண் திறந்திருந்தது, அவளைப் பார்க்கவில்லை. “கனம் தவறிடும்.”

அறையின் நடுவில், பாயின் மேல், பெட்டிக்கோட்டோடு மகள். கைகள் உயர்ந்து, முழங்கைகள் உள்ளே ஒடுங்கி, கால்விரல்களில் எம்பி நின்றாள். மேலுதட்டில் வியர்வை. தொடைகள் கிடுகிடுவென்று ஆடின.

அவள் மகளின் முன் மண்டியிட்டாள்.

“பாப்பா. அம்மா தூக்கிக்கறேன், வா.”

“அப்புறம் யாரு புடிப்பா?”

அவள் தூக்கினாள். சின்ன உடம்பு முதலில் எழவில்லை. தரையில் அறைந்த ஆணி போல நின்றது. பிறகு சட்டென்று பிடுங்கிக்கொண்டு வந்தது. மகளின் கைகள் துவண்டு விழுந்தன, தலை அவள் தோளில் சரிந்தது, நாலு நாள் தூங்காத குழந்தை போல அந்தக் கணமே ஆழ்ந்து தூங்கிப் போனாள்.

தரைக்கு அடியில், வெகு ஆழத்தில், ஏதோ புரண்டது.

கணவனின் முழங்கால் ஒரு அங்குலம் மடங்கியது. மாமனாரின் தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. “ம்ம்.” தூக்க முடியாததைத் தூக்குகிறவனின் சத்தம். சுவருக்கு அந்தப் பக்கம், அடுத்த வீட்டில், அதே சத்தம். அதற்கு அடுத்த வீட்டில். ஒன்றன் பின் ஒன்றாக, வரிசை நெடுக, அது தள்ளிப் போய்க்கொண்டே இருந்தது.

அவள் மகளைத் தோளில் போட்டுக்கொண்டு தெருவில் இறங்கி நடந்தாள். செருப்பு போடவில்லை. தார் சுட்டிருக்க வேண்டும். பேருந்து நிறுத்தம் தெருக்கோடியில். எல்லா வீட்டுக் கதவும் புழுக்கத்துக்குத் திறந்தே கிடந்தது. பார்க்கக்கூடாது என்று நினைத்தாள். பார்த்தாள். பாதிச் சவரம் செய்த முகத்தோடு ஒருவன், கைகள் மேலே. மூன்று சகோதரிகள், தோளோடு தோள் இடிக்க, கைகள் மேலே. வாசலில் உருண்டு கிடந்த பந்தைச் சுற்றி நாலு பிள்ளைகள். கைகள் மேலே. தண்ணி மாமா தன் வீட்டு நடையில், பொறுமையாக. அவள் கடந்துபோக, கடந்துபோக, ஒவ்வொரு வீட்டிலிருந்தும்.

ம்ம்.

ம்ம்.

கடைசி வீடு. அடுப்பில் பால் பொங்கி வழிந்து தீய்ந்துகொண்டிருந்தது. அடுப்பின் முன்னால் அந்த வீட்டுப் பெண், கைகளை உயர்த்தி, தீயைப் பார்க்காமல். அந்தப் பெண்ணுக்குப் பிரசவம் ஆகி ஒரு மாதம்கூட இருக்காது. தோளில் மகளோடு அவள் உள்ளே போய் அடுப்பை அணைத்தாள். கருகிய பாலின் நெடி. அப்போதுதான் தொட்டில் கண்ணில் பட்டது.

குழந்தை மல்லாந்து கிடந்தது. அழவில்லை. பிறந்த குழந்தைகள் முஷ்டியை மூடித்தான் வைத்திருக்கும். இது மூடியிருக்கவில்லை. இரண்டு கைகளும் நேராக மேலே நீண்டிருந்தன. வெற்றிலைத் துளிர் அளவு உள்ளங்கைகள், காற்றில் தட்டையாகப் பதிந்து, விரல்கள் பத்தும் விரிந்து. நுனிகள் வெளுத்து.

அவள் மகளைத் தரையில் கிடத்தினாள். நிமிர்ந்தாள். தொட்டிலுக்கு மேல் தன் இரண்டு கைகளையும் உயர்த்தினாள். அவர்கள் செய்தது போலவே உள்ளங்கையைத் திருப்பினாள், விரல்களை விரித்தாள், கால்களை அகட்டி ஊன்றிக்கொண்டாள். காத்திருந்தாள்.

ஒன்றும் வந்து உட்காரவில்லை. இன்னும் உயர்த்தினாள். அழுத்தினாள். விரல்களுக்கு நடுவே மின்விசிறிக் காற்று போய் வந்தது. தோள் வலிக்கவில்லை. கை கனக்கவில்லை. காற்று, வெறும் காற்று.

தரைக்கு அடியில் அது மறுபடி புரண்டது. இப்போது மெதுவாக. அதற்கு அவசரம் இல்லை.

தொட்டிலில், முதலில் இடது முழங்கை, அப்புறம் வலது, கொஞ்சம் கொஞ்சமாக மடங்கத் தொடங்கியது.